தம்பியின் தலைக்கு மேலே

வில்லின் நாண் முன்கையில் அறைந்த சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் செம்மலை கண்ணைத் திறந்தான். அம்பு போன இடம் தெரியவில்லை. அதன் வாலில் கட்டியிருந்த நூலை ஆறு இழுத்துக்கொண்டு போனது.

நடு ஆற்றுப் பாறையில் அவன் தம்பி நாச்சான் நின்றான். காலையில் மீன் பிடிக்கப் போனபோது பாறை ஆள் உயரம் இருந்தது. இப்போது வெள்ளம் அவன் முழங்காலில். நூல் அவன் கைக்குக் கிடைத்தால் அதில் கயிற்றைக் கட்டி அனுப்பலாம். வேறு வழி இல்லை.

"அண்ணா! என்னையவே குறி பாரு!" என்று கத்தினான் நாச்சான். "அப்பத்தான் என் மேல படாது!"

செம்மலைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு வில் சொல்லிக் கொடுக்கும் அங்காத்தாள் பக்கத்தில் நின்றாள். அவனைவிட இளையவள், ஆனாலும் குரு. அவளும் எய்து பார்த்துவிட்டாள். விரலுக்குக் காப்பாகக் கட்டிய தோல் ஈரத்தில் ஊறிக் கிழிந்து, நாண் இழுக்கும் இரண்டு விரல்களையும் பிளந்துவிட்டது. இனி அவளால் இழுக்க முடியாது.

செம்மலை முன்கையில் கட்டியிருந்த காப்புத் தோலின்மேல் இன்னொரு தோலைச் சுற்றினான். அதற்கும் மேலே துண்டைச் சுற்றப் போனான்.

"எதுக்குங்க அண்ணா அத்தனை?"

"மறுபடி அறையுமுங்க அம்மணி. அந்தப் பயத்துலயே கை ஒதுங்குது. அம்பு அவன் நெஞ்சுல பாஞ்சுட்டா?"

அவள் மேலே சுற்றிய தோலை அவிழ்த்து ஆற்றில் எறிந்தாள். அது ஒரு சுழி சுழன்று முங்கியது.

"என் கையைக் காப்பாத்தற தோலுங்க அது!"

"ஆமாங்க. அத்தனை தடிப்புல நாண் உரசும், அம்பு தடம் மாறும். உங்க கை தப்பிச்சுக்கும். உங்க தம்பி?"

அவன் துண்டைத் தரையில் போட்டான்.

"பயம் கொஞ்சம் அடங்கட்டுமுங்க. அப்புறம் விடறேன்."

"அதுவரைக்கும் தண்ணி நிக்குமுங்களா?"

தண்ணீர் நாச்சானின் தொடைக்கு ஏறியிருந்தது. அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். அதுதான் செம்மலையை அதிகம் பயமுறுத்தியது. நூல் கட்டிய அடுத்த அம்பைத் தொடுத்து வில்லைத் தூக்கினான்.

அங்காத்தாள் அவன் இடது முழங்கையைத் தொட்டு வெளிப்பக்கம் திருப்பினாள்.

"நாணுக்கு வழி விடுங்க. விரலைப் பிரிக்கோணும்னு நினைக்காதீங்க. தோளைப் பின்னால இழுத்துட்டே இருங்க, அது தானா நழுவும். தம்பியைப் பாக்காதீங்க. அவன் தலைக்கு மேல வானத்தைப் பாருங்க."

"கை நடுங்குதுங்க."

"தெரியுது. இழுங்க."

இழுத்தான். நாண் நழுவியபோது கண் திறந்தே இருந்தது. அம்பு நாச்சானின் தலையைத் தாண்டிப் போய் விழுந்தது. நூல் அவன் தோளில் படிந்தது.

நூலோடு கயிறு போனது. அதை இடுப்பில் சுற்றிக்கொண்ட நாச்சானை இருவரும் இழுத்தார்கள். கரையில் குப்புற விழுந்து இருமியவன் முதுகில் செம்மலை ஓங்கி ஓர் அடி வைத்தான். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதான்.

வெகுநேரம் கழித்துக் கேட்டான். "அடுத்த தடவையாச்சும் கை நடுங்காம இருக்குமுங்களா அம்மணி?"

அங்காத்தாள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நடுங்காத கையில அம்பைக் குடுக்க எனக்குப் பயமுங்க அண்ணா."

செம்மலை நனைந்த நாணைக் கழற்றித் துடைத்தான். தினமும் செய்வதுபோல அதில் தேன்மெழுகு தேய்க்க ஆரம்பித்தான்.