கோகிலவாணியின் கையெழுத்து

"உங்க மேல எனக்குப் புகார் இருக்கு. வரிசையாச் சொல்றேன். நடுவில பேசக் கூடாது" என்றார் கார்மேகம்.

மலையடி மடத்து அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சொல்லும்யா."

"முதல் அநியாயம். தை மாசம் வந்தேன். இசைத்தட்டை நீட்டி, கோகிலவாணியோட கையெழுத்து வேணும்னு கேட்டேன். 'அப்படி யாரும் இங்க இல்லை, சாப்பிட்டுப் போம்'னு சொன்னீங்க."

"சாப்பிட்டீரா, இல்லையா?"

"நடுவில பேசக் கூடாது. சாப்பிட்டேன். ரெண்டாவது அநியாயம். மாசியில வந்தேன். பேனாவைத் திறந்து கையில கொடுத்தேன். அதை மூடி, முதுகு சொறிஞ்சுட்டுத் திருப்பிக் கொடுத்தீங்க."

"நல்ல பேனா. நீளம் சரியா இருந்துச்சு."

"மூணாவது அநியாயம்." மடியிலிருந்த சால்வைப் பொதியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "பங்குனியில வந்தேன். தட்டை ரெண்டு கையாலயும் வாங்கினீங்க. சரி, மனசு இறங்கிட்டாங்கன்னு நினைச்சேன். கொண்டுபோய் மோர்ப்பானையை மூடினீங்க."

"ஈ மொய்ச்சுதேய்யா."

மடத்துச் சமையலுக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்த சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலாவது?" என்று கேட்டார் அம்மா.

"நாலாவது இன்னும் நடக்கல. நடக்க விடமாட்டேன்."

கார்மேகம் பஞ்சாலைத் தொழிலாளர்களின் தலைவராக இருந்தவர். இரண்டு முறை சிறை கண்டவர். சங்கத்தார் ஒரு நாள் அவருக்குப் பெரிய மாலை போட்டு, பெரிய வார்த்தைகள் சொல்லி, ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். ஓரமாக உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலையத் தொடங்கினார். அதிலும் சும்மா தட்டு அவருக்கு ஆகாது. பாடியவரே தன் கையால் கையெழுத்துப் போட்ட தட்டுதான் வேண்டும்.

அப்படிச் சேர்ப்பவர்களுக்கு மதுரையில் ஒரு கழகம் இருந்தது. வக்கீல்கள், டாக்டர்கள், பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆலைத் தொழிலாளி. சித்திரையில் கண்காட்சி. பழைய நாடக மேடைப் பாடகிகளின் தட்டுகளைக் கையெழுத்தோடு முழு வரிசையாக எவர் வைக்கிறாரோ, அவரே அடுத்த தலைவர். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ, அதே பெயரில் கையெழுத்து இருக்க வேண்டும்.

கார்மேகத்தின் வரிசையில் ஒரு தட்டில் மட்டும் கையெழுத்து இல்லை. மிஸ் கோகிலவாணி. சிறு வயதில் அந்த ஒரு தட்டைப் பாடிவிட்டு நாடகக் கம்பெனியை விட்டுப் போனவள். அவள்தான் மலையடி மடத்து அம்மா என்று விசாரித்துக் கண்டுபிடிக்கவே அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

"நாளை மறுநாள் கண்காட்சி" என்றார். "தலைவர் நாற்காலியில வக்கீல் நவநீதகிருஷ்ணன் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். என்னைப் பார்த்தா 'வாங்க தோழர், இன்னும் ஒண்ணு குறையுதாமே'ன்னு சிரிக்கிறார். அந்த நாற்காலியில ஆலையில நூல் முறுக்கினவன் உட்காரணும். அதுக்கு உங்க ஒரு கையெழுத்து போதும்."

"நாற்காலி என்ன மரம்?"

"தேக்கு."

"அப்ப உட்கார வேண்டியதுதான்."

கார்மேகத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மடியிலிருந்த சால்வையைப் பிரித்தார். அதற்குள் ஒரு துண்டு. அதற்குள் காகிதம். அதற்குள் தட்டு.

"என்ன பாட்டு இது?" என்று கேட்டார் அம்மா.

"கும்மிப் பாட்டுன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கா? நீர் கேட்டதில்லையா?"

"கேட்கிறதா!" கார்மேகம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒரு தடவை ஓட்டினா முள் எவ்வளவு சுரண்டும் தெரியுமா? இது ஒண்ணுதான் மிச்சம்னு பேசிக்கிறாங்க. வாங்கின நாள்லயிருந்து முள் படவிட்டதில்லை."

"அப்ப இது செஞ்ச ஒரே வேலை மோர்ப்பானையை மூடினதுதானா?"

சீனியம்மாள் இப்போது வாயைப் பொத்தவில்லை.

"ஓட்டும்யா. கேட்போம்" என்றார் அம்மா.

"முடியாது."

"கேட்காம எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? படிச்சுப் பார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடாதேன்னு சங்கத்துல இருந்தப்ப ஊர் ஊரா நோட்டீஸ் கொடுத்தது யாரு? நீர்தானே?"

கார்மேகம் தட்டை மறுபடி காகிதத்தில் சுற்றப் பார்த்தார். பாதியில் விட்டார். எத்தனையோ முதலாளிகளின் வாயை அடைத்தவர்.

"எனக்குச் சாட்சி வேணும்" என்றார் கடைசியில், தோற்றதாகத் தெரியக் கூடாதென்று. "கழகத்தில கேட்பாங்க."

"கூப்பிடும்."

"யாரை?"

"காது கேக்கிற எல்லாரையும்."

அன்று அடிவாரத்தில் ஒரு வீட்டில் காதுகுத்து. விசேஷ வீடுகளுக்குக் கிராமபோன் வாடகைக்கு விடும் பாக்கியநாதன் அங்கே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஆள் அனுப்பினார். பெட்டி வந்தது. பாட்டு நின்றுவிட்டதே என்று காதுகுத்து வீடும் பின்னாலேயே வந்தது. தாய்மாமன், தாய்மாமன் பெண்டாட்டி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழுது முடித்த குழந்தை, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்கள்.

"புது முள்ளாப் போடு" என்றார் கார்மேகம். "மெதுவா. மெதுவாய்யா!"

"மாப்பிள்ளையை மணவறையில உட்கார வைக்கிற மாதிரி வைக்கிறேன், தலைவரே" என்றார் பாக்கியநாதன்.

முள் இறங்கியது. கரகரவென்று ஒரு சத்தம். கார்மேகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிறகு அந்தக் குரல் வந்தது.

மழையில் நனைந்துகொண்டே ஓடிவருகிற பெண்ணின் குரல். மூச்சு வாங்குகிறது, நிற்க மனமில்லை. கும்மிக் கைதட்டலும் அதிலேயே கேட்டது. தாய்மாமன் பெண்டாட்டிக்குக் கால் நிற்கவில்லை. அவள் சீனியம்மாளை மாவுக் கையோடு இழுத்தாள். இரண்டு பேர் நாலு பேர் ஆனார்கள். வட்டம் ஆயிற்று. மொட்டைக் குழந்தை நடுவில் நின்று சிரித்தது.

கார்மேகம் கண்ணைத் திறந்தபோது தன் கையும் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. விட்டுவிட்டார்.

பாட்டு முடிந்தது. பாக்கியநாதன் முள்ளைத் தூக்கக் கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பிடித்தார். "இரும். இன்னும் இருக்கு."

அந்தக் காலத்தில் பாட்டைப் பிடித்த மெழுகுத் தகடு கப்பலேறிச் சீமைக்குப் போகும். அங்கே தட்டு வார்ப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. எது யார் பாடியது என்று குழம்பக் கூடாதே! அதனால் பாட்டு முடிந்ததும், பாடியவர் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

கிராமபோன் குழாய் ஒரு கணம் இரைந்தது. பிறகு, மூச்சிரைக்க அந்தப் பெண் கத்தினாள்:

"நான் மூக்காயி! கோட்டைப்பட்டி மூக்காயி!"

ஒரு சிரிப்பு. பாதிச் சிரிப்பில் தட்டு முடிந்துபோயிற்று.

மீதிச் சிரிப்பை அம்மா சிரித்தார்.

"தட்டுக் கம்பெனியில கோகிலவாணின்னு சொல்லச் சொல்லி முந்தின நாளெல்லாம் பழக்கினாங்கய்யா. மூக்காயின்னு போட்டா எவன் வாங்குவான்னு கேட்டாங்க. நானும் சரின்னேன். பாடி முடிச்ச சந்தோஷத்துல வாயில வந்திடுச்சு. பாட்டுப் பிடிச்ச வெள்ளைக்காரத் துரைக்கு ரெண்டும் ஒண்ணுதான். 'குட், குட்'னு தலையாட்டினான். லேபிள்ல மட்டும் கம்பெனிக்காரன் சீட்டுல எழுதி அனுப்பின பேரையே அச்சடிச்சுட்டாங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கார்மேகம் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீர் கோகிலவாணியைத்தானே கேட்டீர். கம்பெனிக்காரனும் அவளைத்தான்யா கேட்டான்."

கார்மேகம் தட்டைப் பார்த்தார். கறுப்புத் தட்டின் நடுவில், தங்க எழுத்தில், கம்பெனி வைத்த பெயர். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு பேனாவைத் திறந்து நீட்டினார்.

"போடுங்க."

"எந்தப் பேரைய்யா?"

"உங்க பேரை."

"லேபிள்ல அது இல்லையே. தேக்கு நாற்காலி போயிருமே."

"வக்கீல் உட்காரட்டும். அவருக்கு வேற வேலை இல்லை. போடுங்கம்மா."

அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டார். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, தங்க எழுத்தின் மேலேயே எழுதினார். எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது கறுப்பு வரிகளுக்குள்ளேயே போய் முடிந்தது.

"தட்டு கெட்டுப் போச்சே!" என்றார் பாக்கியநாதன்.

கார்மேகம் அதை வாங்கினார். மை காயவில்லை. அங்கே கவிழ்ந்து கிடந்த உரலின் மேல் ஏறி நின்றார். வேட்டி மடிப்பு அவிழ்ந்தது, கவனிக்கவில்லை. தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் சாட்சி. பாடினது யாருன்னு படிக்கிறேன், கேளுங்க" என்றார்.

குரல் மலையில் பட்டுத் திரும்பும்படி படித்தார்.

"மூக்காயி!"