முதுகு நீவிய அஞ்சலாட்சியார்

புன்னைத்துறை கடலை ஒட்டிய சிற்றூர். அங்கே மணல்மேட்டில் கரைத்துயின்ற பெருமாள் கோயில் இருக்கிறது. அதற்கு வடக்கே, முன்பு படகுகளை ஏற்றி வைத்திருந்த இடத்தில், இப்போது ஒரு பெரிய சொகுசு விடுதி நிற்கிறது. அந்த விடுதியின் ஸ்பாவில், வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் வேலை செய்துவந்தார் அஞ்சலாட்சி அம்மையார். கணவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகள் மணிமாலாவை வளர்க்க அவருக்குக் கிடைத்த பிழைப்பு அதுதான். தினமும் காலையில் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்த பிறகே அவர் வேலைக்குக் கிளம்புவார்.

ஸ்பாவின் மேசையில் யார் வந்து படுத்தாலும் அம்மையாருக்கு அது பள்ளிகொண்ட பெருமாள்தான். பெருமாளைத் திருவடியிலிருந்து சேவிப்பதுதானே முறை? ஆகவே அவரும் முதலில் படுத்திருப்பவரின் பாதங்களில் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த உடம்பின் மூச்சு அடங்கி ஒழுங்காக ஓடும்வரை கையை எடுக்கமாட்டார். அப்புறம்தான் எண்ணெய். நோகிற இடத்தை எடுத்த எடுப்பில் அமுக்குகிற வழக்கமும் அவரிடம் இல்லை. "வலிக்கிற எடத்துக்கு நேரா போயி நிக்கக் கூடாது. பக்கத்து ஊட்டு வழியா மெதுவா போவணும்" என்று கூட வேலை செய்யும் பெண்களுக்குச் சொல்வார். கதவுக்கு உள்ளே படுத்தவர் யார், அவருக்கு என்ன நோவு, வலி விடும்போது அழுதாரா என்பதெல்லாம் அந்த அறையோடு சரி. வெளியே வந்தால் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.

விடுதி மேலாளர் நிர்மலுக்கு முதலில் இந்தக் கால் தொடுவது பிடிக்கவில்லை. அநாகரிகம் என்றார். வந்து தங்கியவர்கள் அதைப் புகழ்ந்து பேசியதும் அதே நிர்மல், ஒரு வெண்கலத் தட்டும் நாலு ரோஜா இதழும் சேர்த்து, 'பாத வணக்கம்' என்று பெயர் வைத்து விளம்பரத்தில் போட்டுவிட்டார். அம்மையார் பெருமாளை நினைத்துச் செய்ததை அவர் கடை விரித்து விற்றார். கேட்டுச் செய்தாரா என்றால் அதுவும் இல்லை.

கரைத்துயின்ற பெருமாள் கல்லில் செய்தவர் அல்லர். சுதைத் திருமேனி. வலக்கையைத் தலைக்கு அணையாக வைத்து, ஒருக்களித்துப் படுத்திருப்பார். முதுகு சுவரோடு சுவராக இருக்கும்; இடையில் ஒரு விரல்கூட நுழையாது. அவரைச் சேவிக்கிற எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்து வேலை, வீடு, பிள்ளை என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மையார் கேட்டது வேறு. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, கூட்டத்தின் நடுவில், நெஞ்சில் இருந்ததை வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எத்தினி காலமா ஒரே பக்கமா படுத்துங்கெடக்கற பெருமாளே. முதுகு என்னாத்துக்கு ஆவும்?"

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அர்ச்சகர் சௌரி பட்டரும் சிரித்தார். "அவர் உங்க ஸ்பாவுக்கெல்லாம் வரமாட்டார்ம்மா. நகருங்கோ, பின்னால நிக்கறா" என்றார். அம்மையார் நகர்ந்தார். ஆனால் அந்தக் கவலை அவரை விட்டு நகரவில்லை. உடம்பைத் தொட்டுப் பிழைக்கிறவருக்கு ஒரே பக்கமாகக் கிடப்பது என்ன வேதனை என்று தெரியும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிரிப்போடு நின்றிருந்தால் போகிறது. ஊரில் 'மசாஜ்' என்கிற சொல்லையே உதட்டைச் சுழித்துத்தான் சொன்னார்கள். அம்மையார் தெருவில் போனால் இளவட்டங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வலிக்குதே" என்று முனகிக் காட்டுவார்கள். மணிமாலாவுக்கு ஒரு நல்ல இடம் அமைந்து, பூ வைக்கும் நாளும் குறித்தாயிற்று. பெண்ணின் தாய் என்ன வேலை பார்க்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் யாரோ ஓதினார்கள். வாங்கிய பூ வாடுவதற்குள் சம்பந்தம் முறிந்தது. அந்தப் பெண் அழுதபோது அம்மையார், "பெருமாளுக்குத் தெரியும் கண்ணு" என்று மட்டும் சொல்லித் தலையைத் தடவிக்கொடுத்தார். மறுநாளும் வேலைக்குப் போனார்.

இப்படி ஓதியவர்கள் யார்? கழுத்து திரும்பாமல் கிடந்த வாத்தியார் வீட்டு அம்மாளுக்குக் கழுத்தைத் திருப்பிக் கொடுத்தது யார்? பிள்ளை பெற்ற இடுப்போடு அந்தத் தெருப் பெண்கள் யார் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து போனார்கள்? நொச்சி இலையும் ஓமமும் கற்பூரமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயால் அம்மையார் நீவாத முதுகு அந்த ஊரில் எண்ணிக்கைக்குக்கூடக் கிடைக்காது. வலி இருந்தபோது அந்தக் கை வேண்டியிருந்தது. வலி போனதும் அந்தக் கையே கேவலமாகிவிட்டது.

இவர்களில் முதல் மரியாதைக்குரியவர் தனகோடி. அரிசி ஆலை வைத்திருப்பவர், கோயிலின் அறங்காவலர். முதுகு பிடித்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தவர், பட்டணத்து ஆஸ்பத்திரியும் கைகொடுக்காமல், ஒரு மத்தியான வேளையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விடுதியின் பக்கவாசல் வழியாக வந்து சேர்ந்தார். அம்மையார் அவர் பாதத்திலும் கை வைத்துக் கண்ணை மூடினார். சில நாள் அதே வாசல், அதே துண்டு. ஒருநாள் தனகோடி நிமிர்ந்து நடந்தார். போகும்போது, "நான் இங்க வந்துபோனது வெளிய தெரியவேணாம், என்ன?" என்றார்.

"இங்க படுத்தவங்க பேரு வெளிய போவாதுங்க" என்றார் அம்மையார்.

அந்த ஆண்டு தைலக்காப்புக்கு நாள் வைத்தார்கள். சுதைத் திருமேனியைத் தண்ணீரில் நீராட்டக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை தைலம்தான் சாத்துவார்கள். அதற்கு முதல்நாள் ஊரார் எல்லோரும் நல்லெண்ணெய் கொண்டுவந்து மண்டபத்தில் இருக்கும் பெரிய அண்டாவில் ஊற்றுவது வழக்கம். அம்மையார் செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தூக்குவாளியில் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார். பெருமாளின் முதுகுக்குத் தன்னால் ஆனது அது ஒன்றுதான் என்பது அவர் எண்ணம். அவர் முறை வந்தபோது அண்டாவுக்கு முன்னால் கையை நீட்டி மறித்தார் தனகோடி.

"கண்டவன் உடம்பத் தடவற கையால கொண்டாந்த எண்ணெய் பெருமாளுக்கு ஆவாதும்மா. எடுத்துட்டுப் போ. இனிமே கோயிலுக்குள்ளயும் வராத. வாசலோட கும்பிட்டுக்க."

நாக்கு கூசாமல் சொன்னார். எந்தக் கை தன்னை எழுப்பி நடக்கவிட்டதோ அந்தக் கையைப் பார்த்துச் சொன்னார். அம்மையார் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். "உங்களையும்தானுங்களே தடவுனேன்" என்றிருந்தால் அந்த மண்டபமே தனகோடியைத் திரும்பிப் பார்த்திருக்கும். அம்மையார் சொல்லவில்லை. சுற்றி நின்ற மற்ற முதுகுகளாவது பேசினவா? எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. தெய்வத்தின் சந்நிதியில் இவ்வளவு கோழைகள் ஒருசேர நின்றதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அம்மையார் தூக்குவாளியோடு வெளியே வந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் கோயில் மதிலைத் தாண்டியதும் வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்பாவின் சீருடையை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியும் கையுமாக வேலைக்குப் போனபோது, விடுதியின் பின்வாசலில் ஒரு கிழவர் காவலாளியிடம் மன்றாடிக்கொண்டு நின்றார். கறுத்த உடம்பு, உப்பு பூத்த வேட்டி. வலக்கை மரத்துப்போய் மடங்கியே இருந்தது.

"ஒரே பக்கமா படுத்துப் படுத்து முதுகு எரியுது தாயி. கையில காசு கெடையாது" என்றார் அம்மையாரைப் பார்த்து.

காவலாளி உள்ளே விடவில்லை. அம்மையார் அவரைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் நிழலுக்கு அழைத்துப்போனார். ஓரத்தில் நின்ற நொச்சியை ஒடித்து, மீனவர் குடிசையில் ஓமமும் கற்பூரமும் வாங்கி, கோயிலில் வேண்டாம் என்ற அந்த எண்ணெயிலேயே போட்டுக் காய்ச்சினார். கிழவர் மணலில் ஒருக்களித்து, மரத்த கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். அம்மையார் பாதத்தில் கை வைத்து மூச்சைக் கவனித்தார். பிறகு, "கொஞ்சம் குப்புறப் படுங்க பெரியவரே" என்றார்.

"பழக்கமில்ல தாயி."

"திரும்பாம எப்படி நீவறது? சின்னப் பிள்ளையாட்டம் அடம் பிடிக்கறீங்களே" என்று அதட்டினார் அம்மையார். கிழவர் சிரித்தாரே தவிர, அசையவில்லை. வேறு வழியின்றி அம்மையார் பின்பக்கமாகப் போய் மணலில் மண்டியிட்டு, இடுப்பிலிருந்து தொடங்கி எண்ணெய் தீரும்வரை நீவினார்.

"ரொம்ப நாளா ஒருத்தரும் முதுகுப் பக்கம் வரல தாயி. எல்லாரும் முன்னாடி நின்னு பாத்துட்டுப் போயிடறாங்க" என்றார் கிழவர் கண்ணை மூடியபடி. சற்றைக்கெல்லாம் தூங்கிப்போனார்.

விடுதியின் நாற்காலிகளில் சாய்ந்து கடல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதையும் பார்த்தார்கள். நிர்மல் ஓடிவந்தார். "யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு பிச்சைக்காரனுக்கு மசாஜா? கெஸ்ட்டெல்லாம் என்ன நினைப்பாங்க? சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க, நாளையிலேர்ந்து வரவேணாம்" என்றார். பாத வணக்கத்தை விளம்பரம் போட்டு விற்றவர் பேசிய பேச்சு இது. அம்மையார் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது கிழவரைக் காணவில்லை. வலி விட்டுவிட்டதாக்கும், எழுந்து போய்விட்டார் என்று நினைத்து அவர் மனம் ஆறியது. ஒரே நாளில் கோயிலும் போய்ப் பிழைப்பும் போனவருக்கு மனம் ஆற அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை ஊர் கூடி நிற்க, தைலம் சாத்துவதற்காகச் சௌரி பட்டர் சந்நிதிக்குள் போனார். போனவர் வெளிறிப்போய் வெளியே வந்தார்.

"பெருமாளோட முதுகுப் பக்கம் எண்ணெய் வழியறது. சுவரெல்லாம் நனைஞ்சிருக்கு. அங்க ஒரு விரல் நுழையாதே, யார் கை போச்சு?"

"எலி கிலி வெளக்கத் தட்டிவிட்டிருக்கும் சாமி" என்று சொல்லிக்கொண்டே சந்நிதி வாசற்படிக்கு வந்தார் தனகோடி. வாசனை அவர் மூக்கில் ஏறியது. படுக்கையாகக் கிடந்தவரை எழுப்பிய வாசனை. அவர் உடம்புக்கு அது மறக்குமா? யோசிக்கக்கூட நேரமில்லாமல் வாய் முந்திக்கொண்டது.

"இது அஞ்சலாட்சி காய்ச்சுற எண்ணெயில்ல?"

பட்டர் திரும்பிப் பார்த்தார். "உமக்கு எப்படித் தெரியும்?"

தனகோடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாத்தியார் வீட்டு அம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். "எனக்கும் தெரியும் சாமி. என் கழுத்தத் திருப்புனதும் இந்த எண்ணெதான்" என்றார். பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. முந்தின நாள் பேசியிருக்க வேண்டிய வாய்கள் அப்போதுதான் திறந்தன.

பட்டர் தாமே மாலையும் பரிவட்டமும் எடுத்துக்கொண்டு அம்மையாரின் வீட்டுக்கு நடந்தார். பின்னால் ஊரே நடந்தது. தனகோடியும் வந்தார், வராமல் இருக்க முடியுமா? நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் பட்டர் கேட்டார்: "ஏம்மா, இவர் உங்ககிட்ட வந்து போனவர்தான்னு நேத்திக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? இந்த அவமானம் உங்களுக்கு வந்திருக்காதே."

அம்மையார் தனகோடியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"எங்கிட்ட வந்து படுக்கறவங்க அத்தினி பேரும் பெருமாளுங்க சாமி. பெருமாளோட நோவ நாலு பேர் முன்னாடி வச்சு நான் பேசலாமா?"

தனகோடி அந்த மண் தரையில் விழுந்தார். அம்மையார் பதறி, "முதுகு சாக்கிரதைங்க, சட்டுனு குனியாதீங்க" என்று தாங்கி எழுப்பினார். அவர் மன்னித்துவிட்டார். அவர் அடியார். எனக்கு அவ்வளவு மனம் வரவில்லை.

பிறகு பட்டர் அவரைக் கோயிலுக்குள் அழைத்துப்போய்ச் சந்நிதிக்கு நேரே நிறுத்தினார். வலக்கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்த திருமேனியைப் பார்த்ததும்தான் அம்மையாருக்குப் படகு நிழலில் படுத்திருந்தவர் யார் என்று உறைத்தது. கை கூப்பக்கூட மறந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ பெருமாளே, திரும்பிப் படுக்கச் சொல்லி உன்னப் போயி அதட்டிட்டேனே" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார்.

உலகம் முழுவதும் முன்னால் நின்று கேட்க, பின்னால் போய் மண்டியிட்ட அஞ்சலாட்சியாரின் எண்ணெய்க் கைகளுக்கு அடியேன் வணக்கம்.