சிவிங்கி கழற்றாத பாரம்

முள்ளிக்காட்டில் மழை பொய்த்த ஆண்டு அது. மான்களெல்லாம் இரண்டு குன்று தாண்டி ஆற்றங்கரைக்குப் போய்விட்டன. சூறை என்ற பெண் சிவிங்கிப்புலி மட்டும் போக முடியாமல் தவித்தது. புதருக்குள் கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத இரண்டு குட்டிகள் கிடந்தன.

முந்தாநாள் தின்ற ஒரு காட்டுக்கோழிதான் சூறையின் வயிற்றில் இருந்த மொத்தத் தெம்பு. மடியில் பால் வற்றிவிட்டது. தாய் தின்றால்தான் குட்டிகள் பிழைக்கும்.

சூறைக்கு ஓடுவதைவிட, ஓடுவதைப் பிறர் பார்ப்பதில் ஆசை அதிகம். கழுத்தில் மயிலிறகு மாலை போட்டிருந்தது. ஓடும்போது சலசலக்க வேண்டுமென்று வாலில் காய்ந்த வாகை நெற்றுகளைக் கட்டியிருந்தது. பக்கத்து மரத்துப் பருந்து அதிகாலையில் அதற்கு நல்லது சொன்னது. மாலை காற்றைத் தடுக்கும், நெற்று பாரம், இரண்டையும் கழற்று. வழியில் திடீரென்று பாயாதே, திடீரென்று நிற்காதே. ஒரே சீராகப் போ, இறக்கத்தில் காலைத் தளர விடு. அப்படிப் போனால் உச்சி வெயிலுக்குள் திரும்பிவிடலாம்.

சூறை மாலையையும் நெற்றையும் உடனே கழற்றி எறிந்தது. உடம்பு லேசாகிவிட்டது, அது போதும் என்று நினைத்தது. மற்றதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், மான் தேடி ஆற்றங்கரைக்குப் புறப்பட்டது.

சிவிங்கிக் குலத்துக்கு ஒரு வீம்பு உண்டு. தனக்கு முன்னால் எவரும் ஓடக் கூடாது. முதல் குன்றருகே ஒரு நரி முந்தியது. சூறை பாய்ந்து அதைத் தாண்டிவிட்டு, சட்டென்று நின்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு காட்டுப்பன்றி முந்தியது. மறுபடியும் பாய்ச்சல், மறுபடியும் நிற்றல். இரண்டாம் குன்றின் அடிவாரத்தில் கால்கள் மடங்கி விழுந்தது. ஆறு இன்னும் கண்ணில் படவில்லை.

உச்சி வெயிலில் பருந்து தேடி வந்தது.

"குட்டிகள் எப்படி இருக்கின்றன?" என்று கேட்டது சூறை.

"பெரியது அழுகிறது, அக்கா."

"சின்னது?"

"அது இப்போது அழுவதில்லை, அக்கா."

சூறை எழுந்தது. அதே நரி மீண்டும் வந்து, "என்ன அக்கா, போட்டிக்கு வரவில்லையா?" என்று சீண்டியது.

"நீ முன்னால் போ," என்றது சூறை. வாழ்நாளில் முதல் முறையாக அப்படிச் சொன்னது.

அதன்பின் ஒரே சீராக நடந்தது. இறக்கத்தில் காலைத் தளர விட்டது. ஆற்றங்கரையில் பதுங்கிப் பதுங்கிப் போய், மான் எட்டும் தூரத்துக்கு வந்தபின் ஒரே ஒரு முறை பாய்ந்தது. வயிறாரத் தின்றது. திரும்பும் வழியில் யார் யாரோ முந்திப் போனார்கள். அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புதரை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மடியில் மீண்டும் ஊறிய பாலின் வாசனைக்குப் பெரிய குட்டி மட்டும் தலையைத் தூக்கியது. சின்னதைச் சூறை வெகுநேரம் நக்கிக்கொண்டே இருந்தது. அதன் உடம்பு சூடாகவே இல்லை.

உடம்பின் பாரத்தை இறக்கியும் மனத்தின் வீம்பை இறக்காதவர், எவ்வளவு வேகமாக ஓடினாலும் சேரவேண்டிய இடத்துக்குப் பிந்தித்தான் போய்ச் சேருவார்.