கண்ணாடி அறைக்குள் மேனேஜர்

மகளிர் விடுதிகளுக்கு, கார்டு காட்டினால் திறக்கும் கதவுகள் செய்கிற கம்பெனி. மேனேஜர் ஞானசேகரன் டெஸ்டிங் டிரெய்னி பூவிழியிடம் வந்தார்.

"உள்ளே வர்ற புரோகிராம்ல ஒரே ஒரு வரிதான் மாத்தியிருக்கோம். பழசையெல்லாம் திரும்ப டெஸ்ட் பண்ண வேண்டாம். சரின்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"போடுறேன் சார். முதல்ல உங்க ரூம் கதவுலயே புது புரோகிராமை ஏத்துறேன், நீங்க திறந்து வைக்கிறீங்களா?"

ஐயாவுக்குப் பூரிப்பு. அவள் ஏற்றியதும் கார்டைக் காட்டி மிடுக்காக உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. பிறகு எத்தனை முறை காட்டியும் வெளியே விடவில்லை.

"என்னம்மா இது?" என்று கண்ணாடியைத் தட்டினார்.

"உள்ளே போறதுதான் சார் புதுசு. வெளியே வர்றது பழசு. அதை டெஸ்ட் பண்ண வேண்டாம்னீங்களே?"

"எல்லாத்தையும் பண்ணித் தொலை. எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு நாள் சார். ஹாஸ்டல்ல நானூறு பொண்ணுங்க மாட்டியிருக்க வேண்டிய கதவு, அவசரப்பட முடியுமா?"