இரும்புக் கல்லுக்குள் ஈயம்

"ஈயம் எந்த வழியா உள்ளே போச்சு மேடம்?"

தவசீலன் கதவருகே நின்று கேட்டார். வயது ஐம்பத்துநான்கு. சுரங்கக் கம்பெனியில் முப்பது வருஷம் கல் பார்த்துவிட்டு, ஆசை விடாமல் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருடைய வழிகாட்டி மெஹருன்னிசாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மெஹருன்னிசா பதில் சொல்லவில்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானிகளின் மௌனம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். படம் பதிவாகும்போது அந்த அறையில் பேசினால் படம் அதிரும். அவ்வளவுதான்.

படம் முடிந்தது.

"சொல்லுங்க சார்."

"அதே தலைவலிதான். இரும்புக் கல்லுல ஈயம் காட்டுது. ஈய அணு பெருசு. இரும்பு உட்கார்ற இடத்துல அது எப்படி உட்காரும்? கல்லு வளரும்போதே ஈயத்தை வெளியே தள்ளிடும்."

"சரி."

"அப்போ வெளியேர்ந்து ஒட்டின அழுக்குதானே? தேர்வாளரும் அப்படித்தான் எழுதியிருக்கார். சுத்தம் பண்ணி மறுபடி அளக்கலைன்னா ஆய்வேட்டை ஏத்துக்க மாட்டாராம்."

"என்ன செஞ்சீங்க?"

"வைரப் பசை போட்டு நாலு தடவை தேய்ச்சேன். ஈயம் அப்படியே இருக்கு. இன்னொரு தடவை தேய்க்க நீங்க அனுமதி தரணும்."

டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு சில்லு. புளியங்கொட்டையில் பாதிகூட இருக்காது. இது கிடைத்த சுரங்கத்தில் தண்ணீர் ஏறி, மூடி எட்டு வருஷம் ஆகிறது. இதை விட்டால் வேறு கல் கிடையாது. ஐந்தாவது முறை தேய்த்தால் இதுவும் மிஞ்சாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் மனிதர் பிடித்த பிடியை விடுவதாயில்லை.

மெஹருன்னிசா இடுக்கியால் சில்லை எடுத்து மைக்ராஸ்கோப்புக்குள் வைத்தார்.

"முதல்ல யுரேனியத்தைப் பார்ப்போம்."

"அதுல என்ன சிக்கல்? துளியூண்டு யுரேனியம் இருக்கும். அது கல்லு வளரும்போதே இரும்போட சேர்ந்து உள்ளே போயிடும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"பார்ப்போம்."

ஒரு மணி நேரம் ஆயிற்று. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள் எழுந்தன. கல் வளர வளர ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்ட அடுக்குகள், குறுக்கே அறுத்த வெங்காயம் மாதிரி. யுரேனியம் சில அடுக்குகளில் நிறைந்திருந்தது, சிலவற்றில் சுத்தமாக இல்லை. டன் கணக்கில் கல் பார்த்த தவசீலன் ஒரு கல்லின் உள்ளே இப்படிப் பார்த்ததில்லை.

"இப்ப ஈயம்."

இன்னொரு மணி நேரம். அதே கோடுகள். அதே வளைவுகள். மூன்றாவது கோட்டில் இருந்த சின்ன இடைவெளிகூட அப்படியே.

"மேடம், பழைய படத்தையே போட்டுட்டீங்க."

மெஹருன்னிசா திரையின் மூலையில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். ஈயம் என்றுதான் இருந்தது.

தவசீலன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

"அழுக்குன்னா மேலாக்கப் பரவியிருக்கணும். இல்லன்னா விரிசல்ல தேங்கியிருக்கணும். இதென்ன, யுரேனியம் இருக்கற இடத்துல மட்டும் இருக்கு?"

"உள்ளே வர வழி இருக்கா சார்?"

"இல்லவே இல்ல."

"அப்போ வரலை."

யுரேனியம் தானாகச் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகிவிடும். எவ்வளவு காலம் ஆகிறதோ அவ்வளவு ஈயம். அது தவசீலனுக்குத் தெரியாததல்ல. பாதி மாறவே நானூற்றைம்பது கோடி வருஷம் ஆகும் என்று கல்லூரிப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவர்தான். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது உடம்பு சிலிர்த்தது. கல் பிறந்தபோது உள்ளே போய் உட்கார்ந்த யுரேனியம், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், ஒவ்வோர் அணுவாக ஈயமாகியிருக்கிறது. கடலில் மீன்கூடத் தோன்றியிராத காலத்திலிருந்து. அவருக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"இப்பவும் மாறிட்டிருக்கா மேடம்?"

"ஆமா சார். நாம பேசிட்டிருக்கும்போதே."



பிறகு தவசீலன் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களில் சிவப்புப் பொடி படிந்திருந்தது.

"அப்போ, அழுக்கு அழுக்குன்னு நாலு தடவை தேய்ச்சுக் கழுவி விட்டேனே, அது என்ன மேடம்?"

"அதோட வயசு."