கோலமாவில் எழும்பிய அறை

பூங்கோதைக்கு நாற்பத்து நான்கு வயது. அவளுடைய குருவுக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. ஆற்றின் தென்கரையில், ஒரு தென்னந்தோப்பில் குடியிருந்ததால் ஊரார் அவரைத் தென்கரை அம்மா என்பார்கள். பூங்கோதை அவரை 'அம்மா' என்று கூப்பிடுவாள். அவரோ அவளை 'அக்கா' என்பார். புதிதாக வருகிறவர்கள், இதில் யார் குரு யார் சீடர் என்று கொஞ்ச நேரம் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நகையை அடகு வைக்கலாமா, கூடாதா?"

"எதுக்கு அக்கா?"

அவள் சொன்னாள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. படுக்கையறை மூலையில் ஒரு மேசை. அவள் "அ, ஆ" என்று தொடங்குவதற்கும் அடுப்பில் குக்கர் கூவுவதற்கும் சரியாக இருக்கும். கணவர் கலியபெருமாள் போனில் பேசினால் எதிர்முனைக்காரருக்குப் போனே தேவைப்படாது, அப்படி ஒரு குரல். மாமனார் இடுப்புத் துண்டோடு கேமரா முன்னால் வந்து நின்று, "பிள்ளைங்கல்லாம் சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பார். பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

"அதனால கொல்லையில ஒரு ரூம் கட்டிடலாம்னு முடிவு பண்ணினோம். என் சீட்டுப் பணம் இருக்கு. தாராளமாப் போதும்னு கொத்தனார் சவரிமுத்துவும் சொன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் எஸ்டிமேட் ஏறிக்கிட்டே போகுது அம்மா. பாத்ரூம் சேர்த்தோம். ஏசி சேர்த்தோம். யாராவது வந்தா உட்கார ஒரு சோபா. இப்ப சீட்டுப் பணம் மாதிரி மூணு பங்கு ஆகுமாம். 'இது ரூம் இல்லக்கா, வீடு'ன்னு சவரிமுத்துவே சிரிக்கிறார். நகை இருக்கேங்கிறார் வீட்டுக்காரர்."

அம்மா தென்னைமரத்து அணிலிடமிருந்து பார்வையை எடுத்தார்.

"வீட்டுல கோலமாவு இருக்கா அக்கா?"

"இருக்கு."

"நிறைய வேணும். சனிக்கிழமை வரேன்."

சொன்னபடியே சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். நேரே கொல்லைக்குப் போனார்.

"எஸ்டிமேட்ல இருக்கிறதையெல்லாம் கோலமாவால தரையில போடுங்க. அளவு குறையக் கூடாது."

பூங்கோதை குனிந்து கோடு இழுத்தாள். சுவர் வந்தது, வாசல் வந்தது. சோபா, பாத்ரூம் எல்லாம் வந்தன. கலியபெருமாளும் மாமனாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மேசையையும் நாற்காலியையும் தூக்கி வந்து கோட்டுக்குள் போட்டார்கள்.

"உட்காருங்க அக்கா. பாடம் நடத்துங்க."

பூங்கோதை வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். அம்மா கோலமாவு சோபாவில் சப்பணம் போட்டு அமர்ந்தார்.

"ஒரு காபி குடுங்களேன்."

அவள் எழுந்து போய்க் காபி கொண்டுவந்தாள். அம்மா ஆற்றி ஆற்றிக் குடித்தார். பஸ்ஸில் பார்த்த கல்யாணக் கூட்டத்தைப் பற்றிப் பேசினார். கத்தரிக்காய் விலையைக் கேட்டார். அதிலிருந்து பேச்சு பூச்சிமருந்துக்குப் போனது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பூங்கோதை, "அம்மா, இந்நேரம் எனக்கு கிளாஸ் நடந்துக்கிட்டிருக்குமே," என்றாள்.

"நடக்கட்டும். நான் எங்க போறது? அதான் சோபா போட்டிருக்கீங்களே!"

பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். காலால் சோபாவைத் தேய்த்து அழித்தாள். அம்மா எழுந்துகொண்டார்.

மாமனார் பாத்ரூம் கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது நல்ல வசதிம்மா. வீட்டுக்குள்ள இருக்கிற பாத்ரூமுக்குன்னா நான் படி ஏறி இறங்கணும். இனிமே இங்கேயே வந்துடுவேன்."

பூங்கோதை அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பாத்ரூமை அழித்தாள்.

"ஏசி எங்க மாட்டுவீங்க?" என்று அம்மா கேட்டார்.

பதில் கலியபெருமாளிடமிருந்து வந்தது. "இந்தச் சுவத்துல. சித்திரை வெயிலுக்கு எல்லாரும் பாயைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடலாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. அசடு வழியச் சிரித்தார். "சரி, ஏசி வேணாம். ஒரு ஃபேன் போதும்."

மிஞ்சியது ஒரு சின்னச் சதுரம். மேசை, நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. வாசலில் கதவுக் கோட்டுக்கு வெளியே மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு இதுல இடமே இல்லியா?"

என்ன சொல்வது என்று பூங்கோதை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா காபி டம்ளரில் கவனமாக இருந்தார். யாரும் கைகொடுக்கப் போவதில்லை.

"கிளாஸ் ஆறரைக்கு முடியும் மாமா," என்றாள் மெதுவாக. "முடிஞ்சதும் வாங்க. அதுவரைக்கும் வராதீங்க."

மாமனார் தாடையைத் தடவினார்.

"ஆறரையா? இத்தனை நாளா யாரும் சொல்லலியே. எனக்கு எப்படித் தெரியும்?"

கோடு போட்ட இடத்திலேயே சவரிமுத்து வேலையைத் தொடங்கினார். சிமென்ட் கல் சுவர், மேலே ஓடு. சீட்டுப் பணத்துக்குள் எல்லாம் அடங்கியது. நகை பீரோவை விட்டு அசையவில்லை. புகார் நின்றது. நின்றுபோன இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்தது.

ஆனாலும் அடுத்த மாதம் பூங்கோதை தென்கரைக்கு வந்தபோது ஏதோ யோசனையாகவே இருந்தாள்.

"ரூம் எப்படி அக்கா?"

"நல்லா இருக்கு அம்மா. ஒரு சத்தமும் கேட்கல."

"பிறகென்ன?"

"பிள்ளைங்களை எழுதச் சொல்லிட்டு அப்பப்ப எழுந்து வீட்டுக்கு ஓடுறேன். குக்கரை யாரும் இறக்கலியோ, மாமா எதுக்காவது தேடுறாரோன்னு. போய்ப் பார்த்தா அடுப்பு அணைஞ்சிருக்கு. மாமா பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருக்கார். 'என்னம்மா, ஆறரை ஆயிடுச்சா?'ன்னு என்னைக் கேட்கிறார்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாராவது உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"இல்ல அம்மா."

"ஒரு நாள்கூட?"

பூங்கோதை யோசித்துப் பார்த்தாள். "ஒரு நாள்கூட இல்ல."

"அப்ப ரூம் கட்டி முடிச்சாச்சு அக்கா," என்றார் அம்மா. "இனிமே நீங்கதான் உள்ள போகணும்."