கடலைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர்

“நான் சரியாத்தான் எழுதினேன், டீச்சர். பக்கம்தான் பொய் சொல்லுது” என்றார் ரெமிஜியுஸ்.

செலின் டீச்சருக்கு அவர் மகள் வயது. மாதா கோயில் கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித் தருபவள். வலைப்பக்கம் எழுத அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

புயலுக்குப் பிறகு அவரே எழுதிய முதல் பக்கம் அது. மேலே கடலுக்குப் போனவர்களின் பெயர்கள். ஒரு பெயரைத் தொட்டால் பக்கம் நகர்ந்து அந்த ஆளின் பகுதியில் போய் நிற்க வேண்டும். கரை சேர்ந்தாரா இல்லையா என்று அங்கே எழுதியிருக்கும்.

ஊரில் இரண்டு சூசை. ஒருவர் வந்துவிட்டார். ஒருவர் வரவில்லை. வராதவரின் பெயரைத் தொட்டாலும் பக்கம் வந்தவரிடமே போய் நின்றது.

கரை சேர்ந்தார்.

துறைமுகத்திலிருந்து தேடப் போகும் போட்டுக்காரர்கள் அசலூர்க்காரர்கள். போனில் எவ்வளவு சொல்லியும், கரை சேர்ந்ததாக வலைப்பக்கத்தில் இருக்கும் ஆளைத் தேடி எப்படிப் போவது என்று கேட்டார்கள். வராதவரின் மனைவி லூர்து செல்போனைக் கையில் பிடித்தபடி கூடத்து வாசலில் நின்றாள்.

டீச்சர் திரையைப் பார்க்கவில்லை. அவரை மணலுக்குக் கூட்டிப்போனாள்.

“வராத ஆளைக் கூப்பிடுங்க, அண்ணே.”

ரெமிஜியுஸ் கடலைப் பார்த்துக் கத்தினார்.

“சூசை!”

“இங்கதானய்யா இருக்கேன்” என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த மொட்டைச் சூசை.

“இன்னொரு தரம்” என்றாள் டீச்சர்.

கூப்பிட்டார். மொட்டைச் சூசை எழுந்தே வந்துவிட்டார். ரெமிஜியுஸுக்குக் காது கேட்கவில்லையா என்று டீச்சரிடம் விசாரித்தார்.

“கடல்ல அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?”

ரெமிஜியுஸ் தயங்கினார். உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத மனிதரைப் பட்டப்பெயரால் எழுதுவது மரியாதையா? அதனால்தான் ஞானஸ்நானப் பெயரை மட்டும் போட்டிருந்தார். வெளியிலும் அதுதான், பக்கம் எங்கே போய் நிற்பது என்று காட்ட உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் வைக்கும் அடையாளமான ஐடியும் அதுதான்.

மறுபடி கடலைப் பார்த்தார்.

“ரேடியோ சூசை!”

பின்னால் யாரும் பேசவில்லை. அலை மட்டும் வந்து போயிற்று.

ரெமிஜியுஸ் கூடத்தை நோக்கித் திரும்பி நடந்தார். பிறகு ஓடினார்.

வெளியே தெரியும் பெயர்களை அவர் தொடவில்லை. உள்ளே ஒரு சூசைக்கு மொட்டை என்று எழுதினார். மற்றவருக்கு ரேடியோ.

“ஊர்ல வேற ரேடியோ உண்டா?” என்று கேட்டாள் டீச்சர்.

“இவன் ஒருத்தனையே தாங்க முடியாது.”

மேலே இருந்த பெயர்களையும் அந்தந்த ஐடிக்குத் திருப்பினார். அதோடு நிற்காமல், அந்தப் பெயரில் ஒரே ஒருவராய் இருந்த பொனிப்பாஸுக்கும் பட்டப்பெயரில் தனி ஐடி வைத்தார். அவருக்கு எதற்கு என்றாள் டீச்சர்.

“அவன் மகளுக்கு இது நிறை மாசம். ஆம்பளைப் பிள்ளைன்னா தாத்தா பேருதான்.”

டீச்சர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

வாசலில் லூர்து தன் புருஷன் பெயரைத் தொட்டாள். பக்கம் மொட்டைச் சூசையைத் தாண்டிப் போயிற்று. இன்னும் பலரைத் தாண்டிப் போய் நின்றது.

இன்னும் வரவில்லை.

அவள் அழவில்லை. துறைமுகத்துக்குப் போன் போட்டாள்.

“இப்பப் பாருங்க. இவரு வேற ஆளு. போட்டை எடுங்க.”